எட்டாம் வகுப்பு படித்த இடம்

மரகதம் படித்தது ஒன்பது வகுப்பு; படித்த பள்ளிக்கூடங்கள் ஏழு. அவளுடைய அப்பா கிணறு வெட்டும் ஆட்களோடு ஊர் ஊராகப் போகிறவர். நாட்றம்பள்ளியில் ஒன்றாம் வகுப்பைத் தொடங்கிய மரகதம், பர்கூர், குப்பம், காவேரிப்பட்டணம் என்று போய், கடைசியில் கிருஷ்ணகிரியில் ஒன்பதாம் வகுப்பு முடித்தாள். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்குப் பெயர் அனுப்ப, ஆறாவது பள்ளிக்கூடத்தின் டி.சி. வேண்டும் என்று தலைமை ஆசிரியர் கேட்டார். அந்தக் காகிதம் வேலையிடத்துக் கொட்டகையில் மழையில் நனைந்து கூழாகிவிட்டிருந்தது. நகல் வாங்க அப்பா இரண்டு முறை போனார். இரண்டு முறையும் எழுத்தர் லீவு. மூன்றாம் முறை அவர் போகவில்லை. 1999 ஜூலையில் மரகதத்தின் படிப்பு நின்றது. பாடத்தில் அவள் தோற்கவில்லை. ஒரு காகிதம் இல்லாமல் போனதுதான் காரணம்.

அன்று முதல் டி.சி. என்ற இரண்டெழுத்தைக் கேட்டாலே அவளுக்கு அழுகை வந்துவிடும்.

2005இல் சுந்தரமூர்த்தியை மணந்தாள். அவர் கிடங்குகளில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். ஒரே மகள் தீபிகா, 2007 ஆகஸ்ட் 19இல் பிறந்தாள். மரகதம் 2009இல் ஓசூரில் ஒரு ரெடிமேட் துணி ஆலையில் ஹெல்பராகச் சேர்ந்து, மூன்றே ஆண்டுகளில் செக்கர் ஆனாள். தைத்து வரும் சட்டைகளை வெளிச்சத்தில் விரித்து, விட்டுப்போன தையலையும் கறையையும் கண்டுபிடிக்கும் வேலை. அதற்கு மேலே சூப்பர்வைசர் பதவி. அதற்குப் பத்தாம் வகுப்பு வேண்டும். மரகதம் வேலை கற்றுக்கொடுத்த பெண்களில் நான்கு பேர் சூப்பர்வைசர் ஆனார்கள். நான்கு பேரையும் அவள் மறுநாள் முதல் மேடம் என்று கூப்பிட்டாள். அதில் அவளுக்குப் பொறாமை இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அந்த நனைந்த காகிதம் மனதில் வந்து போகும்.

2018 ஏப்ரலில் ஆலை தன் தையல் லைன்களை எல்லைக்கு இந்தப் பக்கம், கர்நாடகத்தின் அத்திபெலேக்கு மாற்றியது. குடும்பமும் மாறியது. ஓசூரில் ஐந்தாம் வகுப்பு வரை படித்திருந்த தீபிகா, அத்திபெலேயில் ஒரு உதவிபெறும் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தாள். அந்தப் பள்ளியில் ஆறு முதல் பத்து வரை வகுப்புகள் உண்டு. ஓசூர் பள்ளியில் கையோடு டி.சி. வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, மரகதமே கொண்டுபோய்க் கொடுத்தாள். இனிமேல் இந்தப் பெண் இங்கேயே படித்து முடிக்க வேண்டும் என்று முடிவு செய்தாள்.

தீபிகா என்ன படிக்க வேண்டும் என்பது பிறகுதான் முடிவானது. அதற்கு ஒரு தேதி உண்டு. 2022 நவம்பர் 15, செவ்வாய்க்கிழமை.

அன்று காலை 10.20க்கு ஆலையில் துணி வெட்டும் கம்ப்யூட்டர் மெஷின் நின்றுவிட்டது. திரையில் இங்கிலீஷில் ஒரு வரி வந்து அப்படியே நின்றது. ஆலை மெக்கானிக் அணைத்துப் போட்டார், தட்டிப் பார்த்தார், சாமி கும்பிட்டார். மெஷின் கம்பெனி ஆள் வெள்ளிக்கிழமைதான் வருவார் என்று பதில் வந்தது. வெட்டினால்தானே தைக்க முடியும்? இருநூற்று முப்பது பெண்கள் மூன்று நாள் வெறும் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கப்பலுக்குப் போக வேண்டிய சட்டைகள் போகவில்லை. அந்த ஆர்டரில் பாதியை வெளிநாட்டுக்காரன் வேறொரு நாட்டுக்குக் கொடுத்துவிட்டான் என்று மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது இருபத்திரண்டு வயதுப் பெண். பெயர் சுனிதா, முளபாகல் பக்கம், எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா. பையை இறக்கி வைத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தவள், பக்கத்தில் சும்மா நின்ற மரகதத்தைக் கூப்பிட்டாள்.

"அக்கா, இந்த டார்ச்சக் கொஞ்சம் பிடிக்கிறீங்களா? கை ஆடக் கூடாது."

மரகதம் பிடித்தாள். சுனிதா மெஷினின் வயிற்றைத் திறந்து, ஒரு சின்ன பிரஷ்ஷால் எதையோ துடைத்தாள்.

"இன்னாம்மா ஆச்சு அதுக்கு?"

"ஒண்ணுமில்லக்கா. உள்ள கண்ணு மாதிரி ஒண்ணு இருக்கு. அதுல பஞ்சு அடைச்சிருக்கு. துணியே வரலைன்னு நெனச்சு நின்னுட்டிருக்கு. ஸ்கிரீன்ல அதத்தான் எழுதியிருந்துச்சு."

"மூணு நாளா எழுதிக்கினேவா இருந்துச்சு?"

"ஆமா. படிக்கத்தான் ஆளில்ல."

ஐம்பது நிமிடத்தில் மெஷின் ஓடியது. தேர்தல் நேரத்தில் மைக்கில் கேட்கும் நாடு, வளர்ச்சி, முன்னேற்றம் என்ற சொற்களுக்கு மரகதத்தின் மனதில் அன்றுதான் ஓர் உருவம் கிடைத்தது. ஒரு வரியைப் படித்துப் புரிந்துகொள்ளும் ஒரு பெண் இந்தக் கூரைக்குள் இருந்திருந்தால் இருநூற்று முப்பது பேரின் மூன்று நாள் வீணாகியிருக்காது. கப்பலும் போயிருக்கும். இப்படி எத்தனை கூரைகளோ என்று யோசித்தபோது அவளுக்கு மலைப்பாக இருந்தது.

கேன்டீனில் இதைச் சொன்னபோது, எதிரே உட்கார்ந்திருந்த டெய்லர் ஜூலியா சிரித்தாள். பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் பிறந்து சந்தாபுராவில் வாழ்க்கைப்பட்டவள் அவள். வாய் நீளம்.

"அப்போ உன் பொண்ணு படிச்சு இந்தியாவையே தூக்கி நிறுத்தப் போறாளா மரகதம்?"

"இந்தியாவ அப்பறம் பாத்துக்கலாம். முதல்ல நம்ம லைன தூக்கி நிறுத்தட்டும். எரநூத்தி முப்பது பேரு கொட்டாவி வுட்டுக்கினு குந்தினு இருந்தோமே, அது யாரு வூட்டு நஷ்டம்?"

"யாரு வூட்டு நஷ்டம்? நீயே சொல்லு."

"உன் வூடு, என் வூடு, மொதலாளி வூடு. எல்லாத்தயும் கூட்டிப் பாரு. நாடுதான் வரும்."

"அம்மாடி! சாம்பார ஊத்துங்கப்பா, பிரதமர் பேசி களைச்சிட்டாங்க," என்றாள் ஜூலியா. மேசையே சிரித்தது. மரகதமும் சிரித்தாள். ஆனால் வீட்டுக்குப் போனதும் தீபிகாவிடம், "எலக்ட்ரானிக்ஸ்னு ஒண்ணு இருக்காமே, அதப் படி," என்றாள். அப்போது பத்தாம் வகுப்பில் இருந்த தீபிகாவுக்கும் அது பிடித்துப் போயிற்று.

2025 மே மாதம் பொறியியல் நுழைவுத் தேர்வு முடிவு வந்தது. தீபிகாவின் தரவரிசை 18,460. அந்த எண்ணுக்குப் பெங்களூரிலேயே ஒரு கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டில் எலக்ட்ரானிக்ஸ் கிடைத்துவிடும் என்று அவள் பதினொன்றும் பன்னிரண்டும் படித்த பி.யு. கல்லூரியின் விரிவுரையாளர் சொன்னார். மரகதம் லைன் முழுக்க மைசூர்பாகு கொடுத்தாள். ஜூலியா இரண்டு எடுத்துக்கொண்டாள், ஒன்று தனக்கு, ஒன்று இந்தியாவுக்கு என்று சொல்லி.

ஜூன் 2, திங்கட்கிழமை. மரகதம் வேலை முடிந்து மாலை 5.40க்கு வீட்டுக்குள் நுழைந்தபோது தீபிகா செல்பேசியை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாடி, மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

"தகுதி இல்லைன்னு வந்திருக்கும்மா."

"யாருக்கு?"

"எனக்குத்தான். கவர்மென்ட் சீட் வேணும்னா ஒண்ணாவதுலருந்து பன்னெண்டாவது வரைக்கும் கர்நாடகாவுல ஏழு வருஷம் படிச்சிருக்கணுமாம். எனக்கு ஆறுதான் கணக்கு வருது." அவள் விரல் மடக்கிக் காட்டினாள். "ஆறாவது, ஏழாவது இங்க. ஒம்போது, பத்து, பி.யு. ரெண்டு வருஷம். ஆறு. எட்டாவது தமிழ்நாடுன்னு போட்டிருக்கோம் இல்ல? அதுதான். வெள்ளிக்கிழமை சர்ட்டிபிகேட் சரிபார்க்கக் கூப்பிட்டிருக்காங்க. அதுக்குள்ள ஏழு வருஷம் காட்டலன்னா ரேங்க் இருந்தும் பிரயோஜனம் இல்ல."

மரகதம் கையிலிருந்த டிபன் கேரியரோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த எட்டாம் வகுப்பு அவள் மனதில் ஐந்து ஆண்டுகளாக முள்ளாக இருந்தது. 2020இல் ஊரடங்கு வந்து ஆலை மூடியதும், மே மாதம் மூவரும் பாஸ் வாங்கிக்கொண்டு நாட்றம்பள்ளியில் அவள் தம்பி ராஜேஷ்குமார் வீட்டுக்குப் போனார்கள். எப்போது திரும்புவோம் என்று தெரியவில்லை. பெண்ணுக்கு ஒரு வருஷம் வீணாகப் போய்விடுமே என்ற பதைப்பில், உள்ளூர்ப் பள்ளியில் எட்டாம் வகுப்பில் சேர்த்துவிடும்படி தம்பியிடம் சொன்னாள். அத்திபெலே பள்ளியில் டி.சி. வாங்க முடியாது, பூட்டிக் கிடந்தது. மூன்றாம் நாள் ராஜேஷ்குமார் எட்டாம் வகுப்புப் புத்தகங்களோடு வந்து, "முடிஞ்சிடுச்சுக்கா," என்றான். ஆகஸ்ட்டில் ஆலை திறந்ததும் மரகதமும் சுந்தரமூர்த்தியும் திரும்பினார்கள். தீபிகா மாமன் வீட்டிலேயே இருந்தாள்.

2021 ஜூலையில் மகளை அழைத்து வந்து, அத்திபெலே பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு வாசலில் விட்டாள். யாராவது டி.சி. கேட்பார்கள் என்று எதிர்பார்த்தாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தீபிகா உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள். மரகதம் வெளியே வந்து வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். பெண்ணின் பெயர் இரண்டு மாநிலத்தில் இரண்டு பள்ளிக்கூடத்தில் இருக்கிறது, இது பெரிய குற்றம், யாரும் கவனிக்காதவரை பிழைத்தோம் என்று நினைத்துக்கொண்டாள். அதன் பிறகு அந்தப் பள்ளியின் பெற்றோர் கூட்டம் ஒன்றுக்குக்கூட அவள் போனதில்லை. சுந்தரமூர்த்தியை அனுப்புவாள். காய்கறி வாங்கப் போகும்போது ஆசிரியை யாராவது எதிரே வந்தால் பக்கத்துச் சந்தில் நுழைந்துவிடுவாள்.

பிப்ரவரியில் சைபர் சென்டரில் விண்ணப்பம் போட்டபோது, கீபோர்டில் இருந்தவர் ஒவ்வொரு வகுப்பாகக் கேட்டுக்கொண்டே வந்தார். எட்டாவது என்றதும் தீபிகா வாயைத் திறக்கும் முன்பு மரகதம் முந்திக்கொண்டாள்: "தமிழ்நாடு. நாட்றம்பள்ளி." அரசாங்கக் கம்ப்யூட்டரில் பொய் எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்ற பயம். உண்மையைச் சொல்லிவிட்டதாகவே நினைத்தாள்.

சுந்தரமூர்த்தி வந்ததும் விஷயத்தைச் சொன்னார்கள். அவர் சட்டையைக் கழற்றாமலே யோசித்தார்.

"அந்தப் பக்கம், தமிழ்நாட்டுல முயற்சி பண்ணினா?"

"அங்க பூர்வீகச் சான்று வேணும்ப்பா. ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் ஆனேக்கல் தாலுகாவுக்கு மாத்திட்டோம். ரெண்டு மூணு நாள்ல எங்க வாங்குறது?"

"அப்போ இங்கயும் இல்ல, அங்கயும் இல்ல. காசு கட்டிச் சேர்க்கற சீட்டு நமக்கு ஆகாது." அவர் மனைவியைப் பார்த்தார். "ராஜேஷுக்குப் போனப் போடு மரகதம். அந்த ஸ்கூல்ல என்ன காகிதம் இருக்குன்னாவது தெரியட்டும்."

மரகதம் ஸ்பீக்கரில் போட்டாள்.

"டேய் ராஜேஷு, பாப்பாவ எட்டாவது சேர்த்தியே, அதுக்கு நம்பரு கிம்பரு எதுனா குடுத்தாங்களா?"

அந்தப் பக்கம் ஆட்டுக்குட்டி ஒன்று கத்தியது.

"அக்கா, திட்டக் கூடாது."

"சொல்லுடா."

"சேர்க்கவே இல்லக்கா."

"இன்னாடா சொல்ற?"

"ஹெட்மாஸ்டர் டி.சி. இல்லாம பேரு எழுத மாட்டேன்னுட்டாரு. சும்மா கெடக்கறதுக்குப் படிக்கட்டும்னு மீதி இருந்த புக்கக் குடுத்தாரு. நீ டி.சி.ன்னு கேட்டாலே அழுவ. அதான் முடிஞ்சிடுச்சுன்னு சொன்னேன். ஸ்கூலும்தான் தொறக்கலியே, எவன் கேக்கப் போறான்னு..."

"அஞ்சு வருஷமாடா வாயத் தொறக்கல?"

"நீயும் அதப் பத்திக் கேக்கல. நானும் சொல்லல."

போனை வைத்த பிறகு மரகதத்துக்கு இன்னும் மோசமாக இருந்தது. இரண்டு பள்ளியில் பெயர் என்று பயந்துகொண்டிருந்தாள். இப்போது பார்த்தால் அந்த வருஷம் பெண் எங்குமே இல்லை. தன் படிப்பை முறித்த அதே டி.சி. பெண்ணின் படிப்பையும் முறிக்கிறது. அதுவும் தன் கையாலேயே என்று அவளுக்குத் தோன்றியது.

தீபிகா மட்டும் ஏதோ யோசித்தபடி இருந்தாள். "மா, அந்த வருஷம் அத்திபெலே ஸ்கூல் யசோதா மிஸ் வாராவாரம் மாமா போனுக்கு ஒர்க் ஷீட் அனுப்புவாங்களே. நான் எழுதி போட்டோ எடுத்து அனுப்புவேன்."

"அது பழைய பழக்கத்துக்கு அனுப்பியிருப்பாங்க. ரெஜிஸ்டர்ல பேர எடுத்திருப்பாங்க, போன் லிஸ்ட்ல உன்ன எடுக்க மறந்திருப்பாங்க."

"நாளைக்குப் போய்க் கேளும்மா."

"நானா?"

"அப்பாவுக்கு லோடு இருக்கு. நான் சின்னப் பொண்ணு. நீதான் போகணும்," என்றாள் தீபிகா. தன் காரியம் ஆக வேண்டும் என்றால் மட்டும் அவள் சின்னப் பெண் ஆகிவிடுவாள்.

ஜூன் 3, செவ்வாய். மரகதம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு 9.15க்குப் பள்ளிக்குள் போனாள். தீபிகாவும் கூட வந்தாள். யசோதா டீச்சர் அலுவலக அறையில் இருந்தார். ஆனேக்கல்காரர், தாய்மொழி கன்னடம். பள்ளியில் பாதிப் பெற்றோர் தமிழ் என்பதால் நல்ல தமிழும் பேசுவார்.

"பன்னி, பன்னி! வாங்க, வாங்க. தீபிகா அம்மாதானே? நாலு வருஷம் ஆச்சு, ஒரு மீட்டிங்குக்கும் காணோம். போன மாசம் மார்க்கெட்ல என்னைப் பாத்து கறிக்கடைக்குள்ள போனீங்க. நீங்க சைவம்னு தீபிகா சொல்லியிருக்கா."

மரகதத்துக்கு முகம் சுண்டிப்போயிற்று. உட்காரச் சொன்ன பிறகும் நின்றுகொண்டே எல்லாவற்றையும் ஒப்பித்தாள். நாட்றம்பள்ளி, டி.சி. வாங்காமல் போனது, தம்பி சொன்ன பொய், வேப்பமரம், விண்ணப்பம், ஏழு வருஷம். கடைசியில், "தப்பு எம்மேல மேடம். புள்ள மேல எந்தத் தப்பும் இல்ல," என்று முடித்தாள்.

யசோதா டீச்சர் எழுந்து பீரோவைத் திறந்தார். அடித்தட்டில் கயிறு கட்டிய கட்டிலிருந்து ஒரு நீண்ட பதிவேட்டை உருவி, மேசைமேல் போட்டுத் தூசியைத் தட்டினார். எட்டாம் வகுப்பு, 2020–21. பக்கத்தைத் திருப்பி விரலை வைத்தார்.

"பதினேழாம் நம்பர். படிங்க."

கன்னட எழுத்து. மரகதத்துக்குப் படிக்கத் தெரியாது. தீபிகா குனிந்து படித்தாள். "தீபிகா எஸ்.," என்றாள்.

"பேர எடுக்கலியா மேடம்?"

"நீங்க டி.சி. கேட்டு வந்தீங்களா? வரல. அப்புறம் நான் எதுக்கு எடுக்கணும்? இது பாருங்க." பெயருக்கு நேராக நீளமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். "வாரத்துக்கு ஒரு கட்டம். முப்பத்து நாலு வாரம். ஒர்க் ஷீட் வந்தா டிக், வரலன்னா வட்டம். தீபிகாவுக்கு முப்பத்தியொண்ணு டிக், மூணு வட்டம். ஜனவரி ரெண்டாவது வாரம் வட்டம், ஏன்னா மாமா போன் கிணத்துல விழுந்துடுச்சாம்."

"கிணத்துல இல்ல மிஸ், தொட்டில," என்றாள் தீபிகா.

"என்கிட்ட கிணறுன்னுதான் சொன்ன. எழுதி வச்சிருக்கேன்." டீச்சர் கடைசிக் கட்டத்தைக் காட்டினார். "ஒன்பதாம் வகுப்புக்குத் தேர்ச்சி. ஹெட்மாஸ்டர் கையெழுத்து. அதனாலதான் அவ திரும்பி வந்து உட்கார்ந்தப்போ யாரும் உங்களக் கேக்கல. அவ போகவே இல்லையேம்மா."

மரகதம் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆனாலும் அவளுக்குள் ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. ஒடம்பு அங்க இருந்தப்ப, இங்க படிச்சான்னு எழுதலாமா? அது பொய் ஆவாதா?"

"அந்த வருஷம் நான்கூட இந்த ஸ்கூல்ல இல்ல. ஆனேக்கல்ல என் சமையலறையில மிக்ஸி பக்கத்துல உட்கார்ந்து பேப்பர் திருத்தினேன். இந்தக் கட்டடத்துல எலிதான் இருந்துச்சு. யாரு எங்க உட்கார்ந்தாங்கன்னா கேக்கறாங்க? பேரு எந்த ஸ்கூல்ல இருந்துச்சு, பாடம் யாரு குடுத்தாங்க, தேர்ச்சி யாரு போட்டாங்கன்னுதான் கேக்கறாங்க. மூணுக்கும் பதில் இங்கதான் இருக்கு. நான் இல்லாதத எழுதித் தர மாட்டேன். இருக்கறத எழுதித் தராமலும் இருக்க மாட்டேன்."

மரகதம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டீச்சர் பதிவேட்டை மூடவில்லை. வரிசையாக விரலை ஓட்டினார்.

"அந்த வருஷம் நாப்பத்தியொரு பேரு. அதுல பதினோரு பொண்ணுங்க ஊரவிட்டுப் போயிட்டாங்க. வராதவங்க பேர அடிச்சிடலாம்னு பேச்சு வந்துச்சு. டி.சி. கேட்டு ஆள் வந்தாத்தான் அடிப்பேன்னு நான் உட்கார்ந்துட்டேன். ஒரு பையன் பேர அடிச்சா அவன் அப்பா சண்டைக்கு வருவாரு. பொண்ணு பேர அடிச்சா யாரும் வர மாட்டாங்க. அதோட சரி."

"பதினோரு பேரும் திரும்பி வந்தாங்களா மேடம்?"

"ஒன்பது பேரு. இருபத்திரெண்டாம் நம்பருக்கு மாலூர்ல கல்யாணம் பண்ணிட்டாங்க. முப்பத்தாறு ரோஜாத் தோட்டத்துல பூப் பறிக்கப் போயிட்டா. இன்னும் போன் பண்றேன். எடுத்தா பேசுவா." அவர் எழுந்து படிப்புச் சான்றிதழ் படிவத்தை எடுத்தார்.

ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை ஐந்து ஆண்டுகள், ஒரே பள்ளி, இடைவெளி இல்லை. தலைமை ஆசிரியர் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு 11.30க்குக் கையெழுத்துப் போட்டார். பி.யு. இரண்டு ஆண்டுகளுக்கான சான்றிதழைக் கல்லூரியில் அன்றே வாங்கினார்கள்.

அடுத்தது ஆனேக்கல்லில் வட்டாரக் கல்வி அலுவலரின் மேலொப்பம். ஜூன் 4, புதன் காலை 11 மணிக்கு மரகதமும் தீபிகாவும் அங்கே இருந்தார்கள். அலுவலர் கூட்டத்துக்குப் போயிருந்தார். எப்போது வருவார் என்று கேட்டதற்கு எழுத்தர், "வரும்போது வருவார்," என்றார். மரகதத்துக்கு இருபத்தாறு ஆண்டுகளுக்கு முந்தைய எழுத்தர் ஒருவரின் காலி நாற்காலி கண்ணில் தெரிந்தது. அப்பா மூன்றாம் முறை போகவில்லை. அவள் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. மதியம் தீபிகா சாப்பிடக் கூப்பிட்டபோதும், "நீ போயி துன்னுட்டு வா. நான் எழுந்து போற நேரம் பாத்து அவரு வந்துட்டுப் போயிட்டா?" என்றாள்.

மாலை 4.10க்கு அலுவலர் வந்தார். பதிவேட்டின் நகலைப் பார்த்தார், சான்றிதழைப் பார்த்தார், கையெழுத்திட்டார். எழுத்தர் முத்திரையைக் குத்தியபோது அது கொஞ்சம் ஓரமாக விழுந்து, வட்டத்தின் விளிம்பு காகிதத்துக்கு வெளியே போய்விட்டது.

"சார், இன்னொரு தபா நடுவுல குத்துங்க சார்."

"ஓரமா இருந்தாலும் சீல் சீல்தாம்மா. ரெண்டு குத்தினாத்தான் சந்தேகப்படுவாங்க."

மரகதம் அதை வெளிச்சத்தில் விரித்து, சட்டையைப் பார்ப்பதுபோல் மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகுதான் பைக்குள் வைத்தாள்.

ஜூன் 6, வெள்ளி. பெங்களூரில் மடிவாளாவுக்கு அருகே ஒரு கல்லூரிக் கூடத்தில் சரிபார்ப்பு. டோக்கன் எண் 143. தீபிகாவின் முறை வந்தபோது மணி 12.25. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் அதிகாரி கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, பேனா நுனியால் ஒவ்வொரு வரியாகத் தொட்டார். ஆறு. ஏழு. எட்டு. அங்கே பேனா நின்றது. திரையைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார்.

"விண்ணப்பத்துல எட்டாவது தமிழ்நாடுன்னு இருக்கே?"

"அது நான் பண்ணின தப்பு மேடம்," என்று மரகதம் ஆரம்பித்தாள். "ஊரடங்குல எங்க தம்பி வூட்டுக்குப் போனோமா, அப்ப இங்க ஸ்கூல் பூட்டிக்கினு இருந்துச்சா, எங்க தம்பி இன்னா பண்ணான்னா..."

"ஸ்கூல் ரெஜிஸ்டர்ல பேரு இருந்துச்சா?"

"இருந்துச்சு மேடம். நகல் கீது. பதினேழாம் நம்பரு. போனு தொட்டில வுழுந்த வாரம் மட்டும்..."

"போதும்மா." அதிகாரி நகலை வாங்கிப் பார்த்தார். முத்திரையை விரலால் தடவினார். பேனா மறுபடி நகர்ந்தது. ஒன்பது. பத்து. பி.யு. ஒன்று. பி.யு. இரண்டு. "ஏழு," என்றார். எதையோ தட்டினார். பக்கத்திலிருந்த பிரிண்டர் முனகிக்கொண்டு ஒரு தாளைத் துப்பியது. "தகுதி சரி. திருத்தியாச்சு. அடுத்த டோக்கன்."

மரகதம் நகரவில்லை. "அவ்ளோதானா மேடம்?"

"அவ்ளோதாம்மா. வேற என்ன வேணும்?"

"வேற ஒண்ணும் வேணாம்," என்றாள் மரகதம். திடீரென்று சத்தமாகச் சிரித்துவிட்டாள். வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தீபிகா அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள்.

வாசலில் நின்று சுந்தரமூர்த்திக்குப் போன் செய்தாள்.

"ஆச்சா?" என்றார் அவர். பின்னால் ஃபோர்க்லிஃப்ட் பின்வாங்கும் பீப் பீப் ஒலி.

"ஆச்சுங்க."

"அழறியா?"

"இல்ல. பசிக்குது. நாலு நாளா சோறே எறங்கல."

சாலைக்கு எதிரே இருந்த தர்ஷினி ஓட்டலில் மரகதம் ஒரு மசால் தோசை சாப்பிட்டாள். இன்னொன்று சாப்பிட்டாள். தீபிகா ரவா இட்லியைக் கிளறிக்கொண்டே அம்மாவைப் பார்த்தாள்.

"மா, அந்தப் பக்கம் இந்தப் பக்கம்னு இத்தன வருஷம் பயந்துக்கிட்டே இருந்தியா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

"உங்கிட்ட சொன்னா நீயும் பயப்படுவ. வூட்ல ஒருத்தி பயந்தா போதாதா?" மரகதம் சட்னியை வழித்தாள். "அப்ப நான் யாரையும் ஏமாத்தல இல்ல?"

"இல்லம்மா."

"உன்ன ஸ்கூல்லருந்து எடுத்துடவும் இல்ல."

"எடுக்கணும்னு நெனச்ச. எடுக்க முடியல."

"அதுவும் நல்லதுக்குத்தான்," என்று சொல்லிவிட்டு மரகதம் காபி வாங்கப் போனாள்.

2.05க்கு அத்திபெலே பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தீபிகா கல்லூரிகளின் பட்டியலை மடியில் விரித்து, எந்தக் கல்லூரியை முதலில் போடுவது, எதை இரண்டாவதாகப் போடுவது என்று எண்கள் எழுத ஆரம்பித்தாள். இதில் எந்தக் கல்லூரிக்கு நம் வீட்டிலிருந்து ஒரே பஸ் என்று கேட்பதற்காகத் திரும்பினாள். பொம்மனஹள்ளிகூட இன்னும் வரவில்லை. அதற்குள் மரகதம் வாயைத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தாள். காலையில் பஸ்ஸில் போகும்போது சான்றிதழ்ப் பையை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு விறைத்து உட்கார்ந்திருந்தவள், திரும்பும்போது அதை மகள் மடியில் போட்டுவிட்டிருந்தாள். எலக்ட்ரானிக் சிட்டியில் பஸ் குலுங்கி நின்றது. அவள் விழிக்கவில்லை. சந்தாபுராவில் ஒரு கூட்டம் ஏறி, ஒரு பெண் தன் கூடையை அவள் காலடியில் வைத்தாள். அப்போதும் விழிக்கவில்லை. தீபிகா அம்மாவின் தலையை மெல்லத் தன் தோளுக்குச் சாய்த்துவிட்டு, பட்டியலில் முதல் பெயருக்கு நேராக ஒன்று என்று எழுதினாள்.